லவோன் ஏறினால் நிற்கும் கார்

நேவல் ஆரஞ்சு சீசன் முடிந்து, தான் வேலை பார்க்கும் பேக்கிங் ஷெட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பூட்டிய வாரத்தில்தான் லவோனுக்கு அந்தச் சந்தேகம் உறுதிப்பட்டது. அவளுடைய புருஷன் ஓடெலின் கார் ஊரில் யாரை ஏற்றிக்கொண்டாலும் ஓடுகிறது. அவள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் நின்றுபோகிறது.

முதல் தடவை நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். மார்ச் மாதம், பாப்டிஸ்ட் சர்ச் வாசலில், கல்யாணம் முடிந்து இருவரும் ஏறி உட்கார்ந்து, பின்னால் கட்டியிருந்த தகர டப்பாக்கள் கடகடவென்று இழுபட நாலு வீட்டு தூரம்கூடப் போயிருக்காது, எஞ்சின் பொட்டென்று அடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஐம்பது தாண்டியிருந்தது, பெண்ணுக்கு அதை எட்டப் போகிற வயது. சர்ச் வாலிபர்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து தள்ளினார்கள். "காருக்கே வெக்கம் வந்திருச்சு" என்றான் ஒருவன்.

அப்புறம் ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்றது. பருத்திக் காட்டுக்கு நடுவே, நிழலுக்கு ஒரு குச்சிகூட இல்லாத ரோட்டில் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஓடெல் இறங்கி முன்பக்கம் திறந்து எதையாவது தொடுவான், எதையாவது இறுக்குவான். அவளும் இறங்கி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவன் திரும்ப ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கினால் எஞ்சின் ஒன்றுமே நடக்காதது மாதிரி பிடித்துக்கொள்ளும். "பாத்தியா, இதுதான் கோளாறு" என்பான் ஓடெல். போன தடவை வேறு ஒன்றைத் தொட்டுவிட்டு இதேதான் சொன்னான்.

சாதாரணக் கார் என்றால் விற்றுத் தொலை என்று சொல்லியிருப்பாள். இது முப்பத்திரண்டாம் வருஷத்துக் கூபே. யுத்தம் முடிந்து வந்ததும் ஓடெல் இதை ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தான், கூரையை அறுத்துத் தாழ்த்தினான், எட்டு சிலிண்டர் எஞ்சினைக் குடைந்து பெரிசாக்கினான். அந்தக் காலத்தில் உப்புத்தரையிலும் காய்ந்த ஏரிகளிலும் இதை ஓட்டிப் பந்தயம் விட்டிருக்கிறான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். பிள்ளைகள் அதை ஹாட் ராட் என்று கூப்பிட்டுக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே ஓடிவரும். அதில் ஓடெலின் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து போனவள் நடீன், அவனுடைய முதல் மனைவி. அவள் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. நடீன் இருந்தவரைக்கும் அந்தக் கார் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை என்பதை லவோன் கேட்காமலேயே ஊரில் பலர் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

ஓடெல் பஞ்சையும் விதையையும் பிரிக்கிற பருத்தி ஜின்னில் மெஷின் பழுது பார்க்கிறவன். பருத்தி வருவதற்கு முன் ஜின்னை முழுக்கப் பிரித்துப் பூட்டுகிற காலம் அது. நாள் முழுக்க அங்கே குனிந்துவிட்டு வருகிறவன், வந்ததும் அவித்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் விழுங்கிவிட்டு மறுபடி காருக்கு முன்னால் குனிவான். பாயிண்ட் மாற்றினான். கண்டென்சர் மாற்றினான். இக்னிஷன் காயில் சூடாகிறதோ என்று ஈரத்துணி சுற்றினான். பிளக் வயர்கள் எட்டையும் புதிதாக இழுத்தான். சாவி போடுகிற ஸ்விட்சைக் கழற்றி வேறு வைத்தான். நூறு டிகிரி வெயில் இறங்கியும் இறங்காத அந்த நேரத்தில், வாய்க்கால் ஈரமும் பழத்தோட்ட மருந்து வாடையும் கலந்து வீசும். லவோன் பின்வாசல் படியில் ஐஸ் டீயோடு உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை லாலோவைக் கூட்டிவந்தான். லாலோ லாரி ஷெட்டில் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன், இருபது வருஷச் சிநேகிதம். இரண்டு பேரும் காரில் ஏறிக்கொண்டு வாய்க்கால் வரை போனார்கள், ஹைவே வரை போனார்கள், தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல கிழவா, தங்கம் மாதிரி ஓடுது" என்றான் லாலோ, கதவு மேல் முழங்கையைப் போட்டபடி.

"லவோன், வா. ஏறு. ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றான் ஓடெல்.

"வேணாம்."

"வான்னு சொல்றேன். லாலோ பாத்துட்டான்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினாள். சீட்டில் நகர்ந்து, எப்போதும் போல் அவன் தோளோடு தோளாக உட்கார்ந்தாள். கார் வாசல் தபால் பெட்டியைத் தாண்டி ரோட்டு விளிம்பில் இறங்கிக் குலுங்கியது. நின்றது.

லாலோ தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காத லவோன். நீ சட்டைப் பையில காந்தம் கீந்தம் வச்சிருக்கியா?"

எதிர்வீட்டு வாசலில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஐமா ஜீன் நிமிர்ந்து பார்த்தாள். நடீனின் அக்கா அவள். புருஷன் இறந்த பிறகு தங்கை வீட்டுக்கு எதிரிலேயே குடிவந்துவிட்டவள். தண்ணீர்க் குழாயைக் கீழே விடாமலேயே, சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னாள்:

"நடீனுக்குப் பிடிக்கல போல."

ஓடெல் அவளைப் பார்த்து ஏதாவது சொல்வான் என்று லவோன் காத்திருந்தாள். அவன் முன்பக்கம் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

அன்று படுக்கையில் கேட்டாள்.

"நெஜமாச் சொல்லு. நீ ஏதாவது பண்றியா?"

"என்ன பண்றேன்?"

"என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம்னா வாயால சொல்லிடு. வண்டிய நிறுத்திக் காட்ட வேணாம்."

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "லவோன், நான் பதினஞ்சு வயசுலேர்ந்து எஞ்சினத் தொடுறேன். கெட்டுப் போனா ஏன் கெட்டுதுன்னு எனக்குத் தெரியும். இது ஏன்னு தெரியல. என் கையே எனக்குப் பொய் சொல்ற மாதிரி இருக்கு. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

அவன் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. அது அவளை இன்னும் குழப்பியது. அவன் பண்ணவில்லை, கோளாறும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனாலும் அடுத்த நாள் அலமாரியில் நடீனின் போட்டோவைத் துடைக்கும்போது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒடிசலான பெண், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். கோபக்காரியாகத் தெரியவில்லை.

ஒக்லஹோமாவிலிருந்து வந்து இருபத்தைந்து வருஷமாகியும் லவோன் கடலைப் பார்த்ததில்லை. பருத்தி, திராட்சை, ஆரஞ்சு என்று ஒன்று முடிந்து ஒன்று. கடல் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் பேசும்போதே ஓடெல் சொல்லியிருந்தான், ஷெட் மூடியதும் பிஸ்மோ கடற்கரைக்குப் போவோம், மணலைத் தோண்டிச் சிப்பி எடுத்துச் சூப் வைத்துத் தருகிறார்கள், சாப்பிடுவோம் என்று. பிக்கப்பில் போகலாமே என்றாள் இவள். அது ஜின்னுக்கு கிரீஸ் டப்பா ஏற்றுகிற வண்டி, அதிலேயா உன்னைக் கூட்டிப்போவேன் என்றான் அவன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கோழி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மறுபடி அந்தக் காரில் ஏறினாள்.

ஊர் எல்லை வரை ஓடியது. ஹைவேயில் வழவழவென்று ஓடியது. ஆலிவ் தோப்புகள் இரண்டு பக்கமும் சாம்பல் நிறமாகப் பின்னால் போயின. அவள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள். ஓடெல் அவள் முழங்காலில் கை வைத்து, "சொன்னேன்ல" என்றான். மேற்கே திரும்புகிற சின்ன ரோட்டில் கேட் இல்லாத ரயில் கிராஸிங் ஒன்று உண்டு. தண்டவாளத்துக்காக மேடு கட்டியிருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது, அவளைச் சீட்டில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. எஞ்சின் அடங்கியது. கார் தண்டவாளத்தின் நடுவில் நின்றது.

ஓடெல் ஸ்டார்ட்டரை அமுக்கினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினான். தெற்கே, தண்டவாளம் ஒற்றைக் கோடாகச் சேருகிற இடத்தில், பகல் வெளிச்சத்திலும் ஒரு விளக்கு தெரிந்தது.

"எறங்கு" என்றான்.

"நீயும் எறங்கு. தள்ளுவோம்."

"எறங்குன்னு சொல்றேன்ல."

அவள் கூடையோடு குதித்தாள். வந்த பக்கமே ஓடினாள். பின்னால் ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம் கேட்டது, அடுத்த கணம் எஞ்சின் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது கார் எகிறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. ரயில் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தாண்டிப் போயிருக்கலாம். கால் நகரவில்லை. அப்புறம் அது வந்து அவளுக்கும் காருக்கும் நடுவே புகுந்தது. எண்ணெய் டாங்கிகள், மரம் ஏற்றிய பெட்டிகள், காலிப் பெட்டிகள் என்று முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் கூடையைக் கட்டிக்கொண்டு, தூசிக்குக் கண்ணை மூடி மூடித் திறந்தபடி நின்றாள். நான் இறங்கியதும் பிடித்துக்கொண்டது என்று மட்டும் மனதில் ஓடியது. வேறு ஒன்றும் ஓடவில்லை.

கடைசிப் பெட்டி போன பிறகு அவன் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான், தொப்பி இல்லாமல். கார் அவனுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.

"வண்டிய வீட்டுக்கு விடு" என்றாள் அவள்.

ஏறினாள். அவன் பக்கம் நகரவில்லை. கதவோரமாகவே ஒடுங்கி, கூடையை நடுவில் வைத்துவிட்டு, வெளியே பார்த்தபடி வந்தாள். ஓடெல் பேசத் தொடங்கினான். அவன் தாடை அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான், அவன் அவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆரஞ்சு கழுவுகிற மெஷின் பக்கத்தில் இருபது சீசன் நின்றதில் அவளுடைய இடது காது போய்விட்டது. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டான் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஓடெலிடமும் சொல்லவில்லை, புதுப் பெண்டாட்டியாக வருகிறவள் காது போன கதையோடா வருவாள்? சைலன்ஸர் இல்லாத அந்த எஞ்சின் இரைச்சலில் அவன் தோளில் ஒட்டிக்கொண்டால்தான் வலது காதுக்காவது ஏதாவது எட்டும். இன்று ஒட்டிக்கொள்ள மனசில்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்கவும் மனசில்லை.

கார் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது. வாசலில் அவன் கடைசியாக எதையோ கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வறுத்த கோழியை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு நேரத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

காலையில் அவள் எழுந்தபோது அவன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஜின்னுக்குப் போயிருந்தான். சமையலறைக் கதவோரம் அவளுடைய சூட்கேஸ் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி அது. அவன்தான் எடுத்திருக்கிறான். ஈரத்துணியால் துடைத்து, தோல் பட்டைக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தான். அதன் மேல் ஒரு காகிதப் பையில் நல்ல பழங்களாகப் பொறுக்கி வைத்த பீச்.

லவோன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுடைய முதல் புருஷன் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போன வருஷம், அதே பெட்டியை வாசல் வராந்தாவில் தூக்கி வைத்துவிட்டுத்தான் போனான். அவன் துடைக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அழவில்லை. எழுந்து மூட்டை கட்டினாள். துணிமணி கொஞ்சம்தான். தையல் மெஷினின் தலையை மேசையிலிருந்து கழற்றினாள். தன்னுடைய இரும்புச் சட்டிகள் இரண்டையும், சோள ரொட்டி அச்சையும் எடுத்தாள். நான் கொண்டுவந்தது ஒன்றும் இங்கே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்துப் பட்டையை இழுத்துக் கட்டியபோது அதைத் தூக்க முடியவில்லை. தரையோடு இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தங்கச்சி வீடு எக்ஸிட்டரில். அவனுடைய காரிலேயே போவாள். நிற்கிற இடத்தில் நிற்கட்டும், வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். உடனே பிடித்தது. அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தனியாக, அது ஓடுகிறது. அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. இறங்கி வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கப் பார்த்தாள்.

"இடுப்பு போயிரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஐமா ஜீன், கையில் ஒரு கிண்ணம் வெண்டைக்காயோடு. பெட்டியைப் பார்த்தாள், லவோனின் முகத்தைப் பார்த்தாள். "எங்க கெளம்பிட்ட?"

"உங்களுக்குச் சந்தோஷந்தானே."

"எனக்கு என்ன சந்தோஷம்? வறுத்துச் சாப்பிடுவியேன்னு காய் பறிச்சிட்டு வந்தேன்."

"நடீனுக்குப் பிடிக்கலன்னு சொன்னீங்கல்ல."

ஐமா ஜீன் கிண்ணத்தைக் காரின் முன்சக்கரத்துப் பக்கம் தரையில் வைத்தாள். "வாயில வந்திருச்சு. என் வாய் அப்படித்தான். ஓடெல் என்ன சொன்னான்?"

"சொல்லல. பெட்டிய எடுத்து வச்சிட்டுப் போயிட்டான்."

"அவனா?" என்றாள் ஐமா ஜீன். நம்ப முடியாமல் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "சரி, ஒரு பக்கம் புடி" என்றாள்.

இரண்டு பேருமாகத் தூக்கிக் கதவு வழியாக சீட்டில் ஏற்றினார்கள். கதவோரம் இருந்தால் சாத்த முடியவில்லை. "தள்ளு உள்ள" என்று இரண்டு பேரும் கையை ஊன்றித் தள்ளினார்கள். பெட்டி சீட்டின் நடுவுக்குப் போய் அமுங்கியது. எஞ்சின் பொட்டென்று அடங்கியது.

தெரு அமைதியாக இருந்தது. எங்கோ ஸ்ப்ரிங்க்ளர் சுற்றுகிற சத்தம்.

லவோன் மெதுவாகச் சொன்னாள்: "உங்க தங்கச்சிக்கு என் இரும்புச் சட்டி மேலயும் கோவமா?"

ஐமா ஜீன் பெட்டியின் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "போ. ஸ்டார்ட் பண்ணு."

பிடித்தது. பெட்டியைத் தள்ளினாள் ஐமா ஜீன். அடங்கியது. இழுத்தாள், லவோன் அமுக்கினாள், பிடித்தது. தள்ளினாள், அடங்கியது. ஐமா ஜீன் மூச்சு வாங்கிக்கொண்டு கதவைப் பிடித்தாள்.

பெட்டியை இறக்கிப் புல்லில் போட்டுவிட்டு, சீட்டைத் தூக்கினார்கள். அது பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, ஆணி கீணி கிடையாது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து புல்லிலேயே வைத்தார்கள். கீழே, ஒரு ஹேர்பின், பழைய சினிமா டிக்கெட், எலி கடித்த பருத்தி. அதற்கு நடுவே, முன்பக்கத்திலிருந்து தரை விரிப்புக்கு அடியில் வந்து, எதிலும் சேராமல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு ஒரு வயர். நுனியில் சுற்றியிருந்த டேப் காய்ந்து பொரிந்து உதிர்ந்திருந்தது. செம்பு தெரிந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தாள் லவோன். நடு ஸ்பிரிங் எல்லாவற்றையும் போலத் துருப்பிடித்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"அமுங்கினா இது அதைத் தொடுது" என்றாள். "நான் நடுவுல உக்காருவேன்."

ஐமா ஜீன் குனிந்து அந்தப் பளபளப்பைப் பார்த்தாள். "டேப் இப்பவா உதிர்ந்திருக்கும்? இது உதிர்ந்து வருஷக்கணக்காகும்." யோசித்தாள். "நடீன் இருக்கும்போதே உதிர்ந்திருக்கும்."

"அப்ப அவங்க உக்காந்தப்ப ஏன் நிக்கல?"

"அவ அங்க உக்காந்ததே இல்லம்மா. எப்பவும் கதவோரந்தான். முழங்கைய வெளிய போட்டுக்கிட்டு, காத்து மூஞ்சில அடிக்கிற மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கதவோரத்தில். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று லவோன் எதிர்பார்த்தாள், வரவில்லை. அலமாரியில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற அந்த ஒடிசலான பெண்ணை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. காற்றுக்காக இருக்கலாம். வெறும் காற்றுக்காகவே இருக்கலாம்.

"அவளுக்கு வெக்கை ஆகாது" என்றாள் ஐமா ஜீன், கேட்காத கேள்விக்குப் பதிலாக. ஹேர்பின்னைப் பொறுக்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வெண்டைக்காய வெயில்ல விட்றாத, வதங்கிரும்" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள்.

மத்தியானம் ஓடெலின் பிக்கப் வந்து நின்றது. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவன் இல்லை அவன். முகம் கழுவி, தலை சீவி, ஜின்னிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். இறங்கியவன் பார்த்தது: புல்லில் கார் சீட்டு, அதன் மேல் லவோன், பக்கத்தில் வாய் பிளந்த பெட்டி, வெயிலில் கிடக்கிற இரும்புச் சட்டிகள்.

"சொன்ன மாதிரி வந்துட்டேன்" என்றான், அவளைப் பார்க்காமல். "பெட்டிய நானே ஏத்தறேன். நீ தூக்காத."

"எப்ப சொன்ன?"

"நேத்து. வண்டியில."

"நேத்து நீ சொன்னதுல ஒரு எழுத்துகூட என் காதுல விழல."

அவன் விழித்தான். "வழியெல்லாம் பேசினேனே. வாசல்லகூடக் கேட்டேன், மத்தியானம் வந்து கொண்டுபோய் விடட்டுமான்னு. நீ ஒண்ணும் சொல்லாம உள்ள போன. சரின்னுதானே அர்த்தம்."

"எங்க கொண்டுபோய் விட?"

"உன் தங்கச்சி வீட்டுக்கு. நீதான் என்னோட இருக்க பயப்படுறன்னு... ரயிலு வந்துச்சே லவோன். உன்னக் கொன்னிருப்பேன் நான். நீ போகணும்னா நான் தடுக்க மாட்டேன்னு சொன்னேன். நீ பேசல."

"கேக்கலன்னா என்னத்தப் பேசறது?" அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது செத்துப் போச்சு, ஓடெல். ஷெட்டுல. ரொம்ப நாளாச்சு. உன் பக்கத்துல ஒட்டி உக்காந்தாத்தான் உன் வண்டிச் சத்தத்துல எனக்கு ஏதாவது கேக்கும். கதவோரம் உக்காந்தா நீ வாயசைக்கிறதுதான் தெரியும்."

ஓடெல் அவள் காதைப் பார்த்தபடி நின்றான். பிறகு கண்கள் அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் போயின, அங்கிருந்து காலியாகக் கிடந்த காருக்குப் போயின. அவள் கையை நீட்டி வயரைக் காட்டினாள். அவன் போய்க் குனிந்தான். நிமிர நேரமாயிற்று.

"ஊர்ப் பசங்க ஒரு தடவ வண்டிய எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்றான், காருக்குள் தலையை விட்டபடியே. "அதுக்காகத் திருட்டு ஸ்விட்ச் ஒண்ணு வச்சேன். இந்த வயர் இரும்புல பட்டு எர்த் ஆனா கரண்ட் செத்துரும், வண்டி ஓடாது. அப்புறம் ஸ்விட்ச் ஒடைஞ்சு போச்சு. வெட்டிட்டு டேப்பச் சுத்தி விட்டுட்டேன். இது ஒண்ணையும் சேராத வயர்னு மறந்தே போயிட்டேன். எல்லாத்தையும் பாத்தேன், இதைப் பாக்கல."

"நான் எறங்கினா சரியாயிரும். நீ எதைத் தொட்டியோ அதுதான் கோளாறுன்னு நெனச்சுக்குவ."

"ஆமா" என்றான். "நீ எறங்கிட்டா." தலையை வெளியே எடுத்தான். அவன் முகத்தில் நிம்மதி ஒன்றும் தெரியவில்லை. இன்னும் எதையோ கூட்டிக் கழிக்கிறவன் மாதிரி இருந்தான். நடீன் எங்கே உட்காருவாள் என்பது அவனுக்கும் இப்போது ஞாபகம் வந்திருக்கும் என்று லவோன் நினைத்தாள். கேட்கவில்லை.

பிளையரை எடுக்க அவன் கை பின்பாக்கெட்டுக்குப் போயிற்று.

"அது கெடக்கட்டும்" என்றாள் லவோன். "இப்படி வந்து உக்காரு. நேத்து என்னவெல்லாம் சொன்ன?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அவ்வளவு தூரம் பேசிட்டு வந்தேனே. மறுபடி எப்படிச் சொல்றது? நேத்து ரோட்டப் பாத்துக்கிட்டுச் சொல்லிட்டேன்."

"இப்பப் புல்லப் பாத்துக்கிட்டுச் சொல்லு."

அவன் வந்து, பழக்கம் போல அவளுக்கு இடது பக்கம், ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். எழுந்து, சட்டிகளைத் தாண்டி, சீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தான். புதுச் சட்டையிலும் பருத்தி விதை எண்ணெய் வாடை அடித்தது.

"ரயில் போய்க்கிட்டே இருந்துச்சு" என்றான். "எப்ப முடியும்னு தெரியல. கடைசிப் பெட்டி போனதும் நீ அங்க நிப்பியா, நடந்து வீட்டப் பாத்துப் போயிருப்பியான்னு எனக்குத் தெரியல. நீ நின்ன. அதைத்தான் முதல்ல சொன்னேன்."

லவோன் தலையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்தாள்.

"மேல சொல்லு" என்றாள்.